டொக்டரைக் கேட்டுச் சொல்லுறன்

யசீகரன் சாப்பாட்டு மேசையில் மல்லாக்கக் கிடந்தான். சட்டையில்லை. சாரத்தைத் தொப்புளுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தான். தலைக்குக் குஷன் இருந்தது. காலுக்கு மேசை போதவில்லை, இரண்டு பாதமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. புலம்பெயர்ந்து வந்து மனுரேவாவில் அவர்கள் இருந்த வாடகை வீட்டில் ஓர் ஆளைக் கிடத்தி வயிறு பார்க்கத் தோதான உயரத்தில் இருந்தது அந்த மேசை ஒன்றுதான். எதிரே அரிசி வாளியின் மூடிமேல் போன் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது.

வயிற்றை அமத்திப் பார்க்கப் போகிறேன், நொந்தால் சொல்லுங்கள் என்று அவன் மனைவி கஜந்தினி, படிப்புக்கு அனுப்ப வேண்டிய அந்த வீடியோவுக்காகத் திருத்தமான ஆங்கிலத்தில் சொன்னாள். பதிலுக்கு ஒரு குறட்டை வந்தது.

"அப்பா! யூ ஆர் த பேஷன்ட்!" சோபாவில் இருந்து மகள் நிலானி கத்தினாள்.

"ஓம் ஓம், நோகுது," என்றான் அவன், கண்ணைத் திறக்காமலே.

"எங்கையப்பா நோகுது?" என்றாள் கஜந்தினி.

"எல்லா இடமும். விடியும்வரைக்கும் போர்க்லிப்ட் ஓடினவனுக்கு எங்கை நோகாது? நீர் உம்மடை பாட்டைப் பாரும். நான் இப்பிடியே கிடக்கிறன்."

கஜந்தினி அந்த வீடியோவையே ஆசிரியைக்கு அனுப்பினாள். இன்னொன்று எடுக்க நேரமில்லை, வேலைக்கு ரயில் பிடிக்க வேண்டும். பிறகு ஆசிரியையின் குறிப்பு வந்தது: பரிசோதனை ஒழுங்காக இருக்கிறது, ஆனால் நோயாளி நடுவில் நினைவிழந்ததுபோல் தெரிகிறது, அதைப் பற்றி ஏன் ஒன்றும் எழுதவில்லை? நிலானி அதை வாசித்து வாசித்துச் சிரித்தாள். யசீகரன் தன் கூட்டாளிமாருக்கெல்லாம் போனில் சொன்னான், ஏதோ பட்டம் கிடைத்தவன் மாதிரி.

கஜந்தினி ஒடாஹுஹுவில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதாவது, ஊசி போட்டு, புண் கட்டி, டொக்டர் எழுதினதைக் கொடுத்துக்கொண்டிருந்தவள், இனித் தானே ஆளைப் பார்த்து, இன்ன வருத்தம் என்று தானே சொல்லி, மருந்தையும் தானே எழுதுகிற இடத்துக்குப் போகும் படிப்பு. படிப்பு ஒன்லைனில். ஒன்லைன் என்றால் சுகம், வீட்டிலேயே இருந்து படிக்கலாம்தானே என்றார்கள் சொந்தக்காரர். வீட்டில் இருந்து படிக்கிறவளை வீடு சும்மா விடுமா? சிறுநீரகத்தைப் பற்றிய விரிவுரை வெங்காயம் உரிக்கும்போது ஓடும். இதயத்தைப் பற்றியது ரயிலில் ஓடும். கட்டுரைகளை நிலானி நெட்போல் விளையாடும் மைதானத்தின் ஓரத்தில் மடக்குக் கதிரை போட்டு எழுதினாள். மகள் பந்தைப் போட்டால் தலையைத் தூக்கிக் கைதட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். எதிர்ப் பக்கத்துப் பிள்ளை போட்டதற்கும் தட்டிவிடுவாள். மகளுக்கு மானம் போகும்.

வேலைக்கு அஞ்சுகிறவள் இல்லை அவள். தாயும் தகப்பனும் அடுத்தவன் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிக் கூலி வாங்கினவர்கள். களைத்தால் சாப்பிடு, சாப்பிட்டால் எழும்பு. வீட்டில் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். வருடக் கணக்கான படிப்பை அந்த வைத்தியத்தாலேயே ஓட்டி முடித்தாள். புள்ளிகளும் நன்றாகத்தான் வந்தன. கடைசியில் மிச்சம் இருந்தது வாய்மொழிப் பரீட்சை மட்டும். மூன்று பேர் சூமில் வந்து ஒரு நோயாளியின் கதையைச் சொல்லுவார்கள். என்ன செய்வாய் என்று கேட்பார்கள். சொல்ல வேண்டும்.

அதில் விழுந்தாள்.

அவளுக்கு வந்தது ஒரு சர்க்கரை வருத்தக்காரர். காலில் புண், சுற்றிவரச் சிவப்பு, லேசான காய்ச்சல். கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாள். பார்க்க வேண்டியதெல்லாம் பார்ப்பேன் என்றாள். மூன்று முகமும் திரையில் தலையாட்டிக்கொண்டிருந்தன. அப்படியானால் உங்கள் முடிவு என்ன என்று நடுவில் இருந்த நரைமுடிப் பெண் கேட்டாள்.

டொக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் கஜந்தினி.

டொக்டர் இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள் என்றாள் நரைமுடிப் பெண்.

அப்படியென்றால் போன் எடுத்துக் கேட்பேன்.

அவர் போன் எடுக்கவில்லை.

இன்னொரு டொக்டரை...

நரைமுடிப் பெண் பேனையை மேசையில் வைத்தாள். அந்தச் சின்னச் சத்தம் கணினிக்குள்ளால் துப்புரவாகக் கேட்டது.

இன்னும் ஒரேயொரு தடவை தருவார்கள். அதிலும் விழுந்தால் அந்த வாசல் மூடியதுதான். நர்சாகவே இருக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வெங்காயத்தோடும் ரயிலோடும் போன வருடங்களை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

கிளினிக்கில் அவளுக்கு மேற்பார்வை சிந்து. திருநெல்வேலிக்காரி, கஜந்தினியைவிட வயதில் நன்றாக இளையவள், ஏற்கெனவே நர்ஸ் பிராக்டிஷனர் ஆனவள். மத்தியானச் சாப்பாட்டு அறையில் பரீட்சைக் கதையைக் கேட்டுவிட்டு, வாயில் இருந்த தயிர்ச்சோற்றோடு சிரித்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒண்ணு கேக்கவா? நேத்து அந்த வயசான அம்மாவுக்கு யூரின் டெஸ்ட் வேணும்னு உங்களுக்குத் தெரியும்ல? டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"'யூரின் பாத்த ஞாபகம் இல்லை டொக்டர், பாத்திட்டமோ?' எண்டு கேட்டனான்."

"அவரு?"

"'இல்லை, நல்லதாப் போச்சு, எடுங்கோ' எண்டார்."

"பாத்தீங்களா! யோசனை உங்களோடது. அவரே யோசிச்ச மாதிரி ஆக்கிட்டீங்க. எத்தனை வருஷமா இதையே பண்றீங்க? திடீர்னு சூம்ல மூணு பேரு வந்து 'முடிவைச் சொல்லு'ன்னா எங்கேர்ந்து வரும்?"

யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி வார்டில் கஜந்தினி பழகினது அது. அதற்கும் முதல் தோட்டத்தில் பழகினது. தண்ணி காணாது போலை கிடக்கு ஐயா என்று தாய் முதலாளியிடம் சொல்லுவாளே தவிர, தண்ணியை இந்தப் பாத்திக்கு மாறுங்கோ என்று ஒருநாளும் சொன்னதில்லை. கூலிக்காரிக்கு யோசனை இருக்கலாம், அது தன்னுடையது என்று காட்டக்கூடாது. நர்சுக்கும் அதே சட்டம்தான், உடுப்பு மட்டும் வேறு. இவ்வளவு காலமும் அதைக் கெட்டித்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே என்கிட்ட கேள்வியோட வராதீங்க," என்றாள் சிந்து. "முடிவோட வாங்க. தப்புன்னா சொல்றேன். கேள்வியா வந்தீங்கன்னா எனக்குக் காது கேக்காது, ஆமா."

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது நிலானி கண்ணை உருட்டினாள். "தட்ஸ் ஸோ யூ, அம்மா. இங்கயும் அப்படித்தான். யூ நெவர் ஜஸ்ட் சே இட்."

"நான் எப்பவடி அப்பிடிக் கதைச்சனான்?" என்று கஜந்தினி மகளை அதட்டினாள். அன்று பின்னேரமே மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்குக் குப்பை வண்டி வரும் எல்லோ?" என்றாள் யசீகரனிடம்.

"ஓம், வரும்," என்றான் அவன். சோபாவை விட்டு அசையவில்லை.

"வாளி நிறைஞ்சுபோய்க் கிடக்கு."

"கண்டனான்."

"மழை வரும்போலையும் கிடக்கு."

"வரட்டும். புல்லுக்கு நல்லது."

"என்னப்பா இது! நான் சொல்லுறது உங்களுக்கு விளங்கேல்லையோ?"

"விளங்குது. கலியாணம் கட்டின நாளிலையிருந்து விளங்குது. ஆனால் இப்ப நான் சூமிலை இருக்கிற மூண்டு பேர். உம்மடை முடிவு என்னெண்டு சொல்லும்."

"எழும்பிப் போய்க் குப்பையை ரோட்டிலை வையுங்கோ!"

யசீகரன் பட்டாளத்துக்காரன் மாதிரித் துள்ளி எழும்பி நெற்றியில் கையை வைத்தான். நிலானி கைதட்டினாள்.

அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டமானது. குறிப்பால் சொன்னது ஒன்றும் நடக்காது. நேராகச் சொன்னால் உடனே நடக்கும். முதலில் கஜந்தினி ஒவ்வொன்றையும் குறிப்பாகத் தொடங்கி, பாதியில் திருத்திச் சொன்னாள். பிறகு ருசி பிடித்துவிட்டது. கறிக்கு எது, கடைக்கு யார், துவாயை எங்கே போடுவது, எல்லாம் ஒரே வசனத்தில் வந்து விழுந்தன. ஹில்ஸ்பரோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் தேவதர்ஷினி என்ற சிநேகிதி, தன் மனுசனுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது, வாயுவாக்கும் என்று இழுத்தாள். முன்பென்றால் கஜந்தினியும் சேர்ந்து இழுத்திருப்பாள். "வாயு இல்லை. நாளைக்குக் காலமை டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறீங்கள். இருதயம் பாக்கச் சொல்லிக் கேக்கிறீங்கள்," என்றாள். தேவதர்ஷினி கையிலிருந்த கேக்கோடு "ஓம்" என்றாள். போய்ப் பார்த்ததில் உண்மையிலேயே வாயு என்று வந்தது. அது வேறு கதை. கூட்டிக்கொண்டு போனது சரிதான்.

யசீகரனுக்குத்தான் தன் வாயே வினையாகிப் போனது. "முந்தி இவ குறிப்புத்தான் தாறவ அண்ணை," என்று கூட வேலை செய்யும் குணரத்தினத்துக்குப் போனில் புலம்பினான். "தெரியாத மாதிரி இருந்து தப்பலாம். இப்ப வீட்டிலை ஒளிக்க இடமில்லை."

கிளினிக்கில் அது அவ்வளவு லேசாக வரவில்லை. வீட்டில் பிழைத்தால் சோறு குழையும், இங்கே பிழைத்தால் ஒரு உயிர். சிந்துவின் கதவடிவரைக்கும் நிமிர்ந்து போவாள், உள்ளே போனதும், "ஒருவேளை..." என்று தொடங்குவாள். சிந்து உடனே காதைக் கையால் பொத்திக்கொள்வாள். திரும்பி வெளியே வந்து, மூச்செடுத்து, மறுபடி உள்ளே போவாள். ரிசெப்ஷனில் இருந்த பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை சமோவாச் சிறுமி ஒருத்தி தொண்டை நோவோடு வந்தாள். கஜந்தினி பார்த்தாள். தொண்டையில் பஞ்சால் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். அதன் பதில் வரட்டும், மருந்து வேண்டுமானால் அப்போது தொடங்கலாம் என்று தாயிடம் சொல்லி இருவரையும் அனுப்பினாள். பிறகு சிந்துவிடம் போய், 'ஒருவேளை' இல்லாமல், 'போலை' இல்லாமல், செய்ததைச் சொன்னாள்.

சிந்து திரையில் பழைய குறிப்பைத் திறந்து பார்த்தாள். "முடிவு சொன்ன விதம் சூப்பர், அக்கா. முடிவுதான் தப்பு. இந்தப் பொண்ணோட அண்ணனுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்திருக்கு. தொண்டையில ஆரம்பிச்சு இதயத்தைக் கெடுக்கிற வியாதி. இந்தக் குடும்பத்துக்குப் பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. நானா இருந்தா இன்னைக்கே மருந்து."

கஜந்தினி குனிந்து திரையில் இருந்த பழைய குறிப்பை வாசித்தாள். இதற்குத்தானே அவ்வளவு காலமும் பயந்தாள். "நான் குறிப்பைப் பாக்கேல்லை. பிழை விட்டிட்டன்."

"ஆமா. இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

சிந்து ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். சிந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஆறுதலாகக் குடித்தாள்.

"தாய்க்குப் போன் எடுக்கப்போறன். நான் பிழை விட்டிட்டன், திரும்பி வாங்கோ, இண்டைக்கே மருந்து தொடங்கவேணும் எண்டு சொல்லப்போறன்."

"சொல்லுங்க. மருந்தை நான் எழுதறேன்."

ஏச்சு விழும் என்று நினைத்து நின்றுகொண்டே போனைப் பிடித்தாள். தாய் இன்னும் பஸ் நிலையத்தில்தான் நின்றாள். மகளையும் இழுத்துக்கொண்டு திரும்பி நடந்து வந்து, மருந்தை வாங்கிப் பையில் போட்டாள். தான் பிழை விட்டேன் என்று தானாகவே போன் எடுத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிச் சிரித்து, கஜந்தினியின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். அது பாராட்டுத்தான். ஆனாலும் தோள் வீடு வரும்வரை நொந்தது.

அன்று ரயிலில் விரிவுரை கேட்கவில்லை. காதில் ஒன்றையும் மாட்டாமல் இருந்தாள். பிழைவிட்டால் நிலம் வெடிக்கும் என்று இருந்தாள், வெடிக்கவில்லை. பிழை விடாத டொக்டர் எவரையும் அவள் பார்த்ததில்லை. அவர்கள் பிழையைத் தங்களுடையது என்று வைத்துக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தார்கள். அவளோ பிழையும் வேண்டாம், முடிவும் வேண்டாம் என்று இரண்டையும் மற்றவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். இதை யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் சிப்ஸ் பைக்கற்றை நீட்டினான், ஒரு பிடி எடுத்துத் தின்றாள்.

இரண்டாவது பரீட்சை ஒரு சனிக்கிழமை முற்பகல். யசீகரன் அதற்குப் பெரிய திட்டம் போட்டிருந்தான்.

"நான் அறை வாசலிலை நிக்கிறன். நிலானி கேற்றடியிலை. ஒரு பூச்சி உள்ளுக்கு வராது."

"வேண்டாம். நீங்கள் மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேக்கும். ரெண்டு பேரும் காரை எடுத்துக்கொண்டு போங்கோ. ஒடாஹுஹுவிலை மீன் வாங்குங்கோ."

"பாஸ் பண்ணினால் மீனோ, பெயிலெண்டால் மீனோ?"

"ரெண்டுக்கும் மீன்தான். போங்கோ எண்டுறன்!"

போய்விட்டார்கள்.

அதே மூன்று பேர். அதே நரைமுடி. இந்த முறை கதை ஒரு வயதான பெண்ணுடையது. தனியாக இருக்கிறாள். கதிரையில் இருந்து எழும்பும்போது தலை சுற்றி இரண்டு தரம் விழுந்துவிட்டாள். கஜந்தினி கேள்விகளைத் தொடங்கினாள். இருந்தபடி பிரஷர் எவ்வளவு, எழும்பி நின்றால் எவ்வளவு? நின்றால் நன்றாக இறங்குகிறது என்றார்கள். மூச்சு வாங்குகிறதா? இல்லை. இதயத்தை ஸ்கான் செய்தார்களா? செய்தார்கள், குறையில்லை. என்னென்ன மாத்திரை, எது எப்போது தொடங்கினது? ஒவ்வொன்றாகச் சொன்னார்கள்.

கேட்கக் கேட்க அவளுக்குள் ஒரு பூட்டுத் திறந்தது. பிரஷர் மாத்திரை ஒன்றால் கிழவிக்குக் கால் வீங்கியிருக்கிறது. அந்த வீக்கத்தைப் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரி நிபுணர், நீரை வெளியேற்றும் மாத்திரை ஒன்றைச் சேர்த்திருக்கிறார். நீர் போனதில் பிரஷர் இறங்கி மனுசி விழுகிறாள். ஒரு மாத்திரை செய்த வேலைக்கு இன்னொரு மாத்திரை.

உங்கள் முடிவு என்ன?

"நீர் மாத்திரையை நிற்பாட்டுகிறேன். வீக்கம் தந்த மாத்திரையைப் பாதியாக்குகிறேன். இரத்தத்தில் உப்பையும் சிறுநீரகத்தையும் பார்க்கிறேன். அடுத்த கிழமை நானே திரும்பவும் பார்க்கிறேன்."

அதைத் தொடங்கினவர் ஒரு நிபுணர் என்று நரைமுடிப் பெண் நினைவூட்டினாள். அவரைக் கேட்காமல் நிற்பாட்டுவீர்களா?

நாக்கின் நுனியில் அந்தப் பழைய வசனம் வந்து நின்றது. நன்றாகத் தெரிந்த, மரியாதையான, எவருக்கும் நோகாத வசனம். திரையில் மூன்று முகமும் கல்லுப் போல இருந்தன.

"அவருக்குக் கடிதம் எழுதுவேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்று சொல்லுவேன். ஆனால் அவருடைய பதில் வரும்வரைக்கும் அந்த மனுசி எழும்பாமல் இருக்க மாட்டாள். எழும்பினால் விழுவாள். இன்றைக்கே நிற்பாட்டுகிறேன்."

நீங்கள் பிழையாக இருந்தால்?

"பிழையென்றால் அது என் பிழை. எதைக் கவனிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி அனுப்புவேன். நானே போன் எடுத்துக் கேட்பேன், நானே திருத்துவேன்."

கொஞ்சம் காத்திருங்கள் என்று அவளை வெளியே விட்டார்கள். திரை வெறுமையானது. கஜந்தினி எழும்பிக் குசினிக்குப் போனாள், ஏன் வந்தோம் என்று தெரியாமல் அடுப்பை ஒருமுறை துடைத்தாள், திரும்பி ஓடிவந்து இருந்தாள்.

முகங்கள் வந்தன. நரைமுடிப் பெண் முதல்தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள். சித்தியடைந்துவிட்டீர்கள் என்றாள். தன் தாயை உங்களிடம் அனுப்பத் தனக்குப் பயமில்லை என்றும் சொன்னாள். கஜந்தினி நன்றி நன்றி என்று எத்தனை தரம் சொன்னாளோ, அவர்கள் போய்க் கணினி இருண்ட பிறகும் ஒருமுறை சொன்னாள்.

வீடு அமைதியாக இருந்தது. யசீகரனுக்குப் போன் எடுத்தாள். அது சோபாவுக்குள் கிடந்து பாடியது. நிலானிக்கு எடுத்தாள், பற்றரி செத்துப்போய் இருந்தது. இவ்வளவு பெரிய செய்தியை வைத்துக்கொண்டு ஒருத்தி சுவரோடா கதைப்பது? கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தாள். மேலே பரீட்சைக்குப் போட்ட கறுப்புக் கோட்டு, கீழே பூப்போட்ட இரவுக் களிசான், காலில் ஒன்றுமில்லை.

பக்கத்து வீட்டு மெலே, தொங்காக்காரி, முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். மெலே, நான் பாஸ் என்று கஜந்தினி கத்தினாள். என்ன, ஏது என்று மெலே கேட்கவில்லை. கூடையைப் போட்டுவிட்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு குரல் எடுத்து, ஓடிவந்து கஜந்தினியை நிலத்தில் இருந்து தூக்கிச் சுற்றினாள். இருவரும் சேர்ந்து கத்தினார்கள். எதில் பாஸ் என்று மெலே கேட்டது இரண்டாவது சுற்றில்தான்.

அந்த நேரம் பார்த்து யசீகரனின் கார் திரும்பியது. தன் மனைவி மெலேயின் கையில் கிடந்து அலறுவதைக் கண்டவன், ரோட்டின் நடுவிலேயே பிரேக்கைப் போட்டான். கதவைத் திறந்தது திறந்தபடி இறங்கி ஓடிவந்தான்.

"என்னப்பா? என்ன நடந்தது? எங்கை அடி?"

"அடியில்லை! பாஸ்! நான் பாஸ்!"

அவன் நின்றான். இரண்டு கையையும் தலையில் வைத்தான். பிறகு நடைபாதை விளிம்பில் குந்திக்கொண்டு, சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டான். காருக்குள் இருந்து தலையை நீட்டிய நிலானி, "மம் டிட் இட்! மம் டிட் இட்!" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்து தகப்பனின் முதுகில் குத்தினாள்.

பின்னால் வந்து நின்ற ஒரு வான்காரன் ஹோர்னை அமத்தினான். விடாமல் அமத்தினான்.

கஜந்தினி மெலேயின் கையை விடுவித்துக்கொண்டு, பூக்களிசானோடும் வெறுங்காலோடும் ரோட்டின் நடுவே போனாள். உள்ளங்கையை விரித்து வானுக்கு முன்னால் நீட்டினாள்.

"நில்லுங்கோ," என்றாள் தமிழில்.

ஹோர்ன் நின்றது.